சாம்பல் நிறக் கட்டம்

எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர். "சர்டிபிகேட் இல்லையா? அப்போ ஆள் சாகலை, போங்க" என்று எத்தனை விதவைகளை மாடிப்படி ஏறி இறங்க வைத்தாரோ, அதைப் பெருமையாகவே சொல்வார். ஓய்வு பெற்றதும் பொழுது போகவில்லை. மற்றவர்கள் என்றால் செடி வளர்ப்பார்கள், காலாற நடந்துவிட்டு வருவார்கள். மாமா வம்சாவளி எழுத உட்கார்ந்தார்.

ஏழு வருட உழைப்பு. அவர் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்குகிறது. உச்சியில் ஒரு தளபதி. எந்தப் படைக்குத் தளபதி, யாரோடு சண்டை போட்டார் என்று கேட்டால், "அந்தக் காலத்துல அதெல்லாம் எழுதி வைக்க மாட்டாங்க" என்பார். எழுதி வைக்காதது இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது. நடுவில் ஒரு கொள்ளுத்தாத்தா நான்கு வயதில் பிள்ளை பெற்றிருக்கிறார். நான் விரல் வைத்துக் காட்டியபோது, "கண்ணாடியில கை படுது" என்றார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போனார்கள்.

எனக்குச் சிரிப்பு வராத இடம் அந்தப் படத்தில் ஒன்று உண்டு. மாமாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். அது அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா. "பத்தொன்பது வயதில் காய்ச்சலால் மறைவு" என்று எழுதியிருக்கும். அப்போது அம்மாவுக்குப் பதினோரு வயது. வெளியூருக்குப் படிக்கப் போன அக்கா அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள். முகத்தைக் காட்டவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த பிறகு அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான். அக்கா கடைசியாக இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

மூன்று வருடம் மாமாவைக் கேட்டாள். "பாத்துட்டிருக்கேன்" என்றார். "எழுதிப் போட்டிருக்கேன்" என்றார். கடைசியில் நான், பழைய பதிவேடுகளில் ஆட்களைத் தேடித் தருவதையே தொழிலாகச் செய்கிற ஒரு அம்மாளிடம் கொடுப்போம் என்றேன். மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"வீட்டுலயே ஒருத்தன் சும்மா பண்ணித் தர்றப்போ வெளியாளுக்குக் கொண்டுபோய் அழுவியா? நம்ம குடும்பத்தைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது மாமா. அதனாலதான் போறேன்."

அந்த அம்மாளின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. ஒரே அறை, இரண்டு இரும்பு அலமாரி, ஒரு பூதக்கண்ணாடி. மேசை மேல் பென்சில்கள் மட்டுமே. பழைய பதிவேடுகள் இருக்கும் இடங்களில் பேனாவை உள்ளே விடமாட்டார்களாம், அந்தப் பழக்கம். மாமாவின் படத்தை என் போனில் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக, "இதுக்கு அத்தாட்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இதைக் கேள்விப்பட்ட மாமா அவருக்கு 'அத்தாட்சி' என்றே பெயர் வைத்துக் கேலி செய்தார்.

சாம்பல் நிறக் கட்டத்தில் பென்சில் நின்றது.

"இறப்புப் பதிவு இருக்கா?"

"இல்லைங்க. அண்ணன் சொன்னதுதான்" என்றாள் அம்மா.

"அப்படின்னா என்னைப் பொறுத்தவரைக்கும் இவங்க உயிரோடதான் இருக்காங்க. பதிவு கிடைக்கிற வரைக்கும் தேடுவேன்."

மாமா ஏழு வருடத்தில் கேட்காத கேள்வி அது. முப்பத்திரண்டு வருடம் ஊரையெல்லாம் கேட்ட கேள்வியும் அதுதான்.

ஐந்தே வாரத்தில் எங்களைக் கூப்பிட்டு நான்கு தாள்களை மேசையில் வரிசையாக வைத்தார். முதல் தாள், காய்ச்சல் வந்ததாகச் சொன்ன வருடத்தில் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்தப் பெயரில் சாவே இல்லை என்றது. இரண்டாவது, அதே வருடத்துக் கல்யாணப் பதிவு. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் பெரியம்மாவுடையவை. மாப்பிள்ளை அச்சகத் தொழிலாளி. மூன்றாவது, ஒரு பெண் குழந்தை பிறந்த பதிவு. நான்காவது, பெரியம்மாவின் இறப்புப் பதிவு. பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி.

மூன்று வருடத்துக்கு முன்பே இந்த மாடிப்படி ஏறியிருந்தால் அம்மா அக்காவின் கையைப் பிடித்திருப்பாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இதையும் பாருங்க" என்று அத்தாட்சி பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் 'தம்பி' என்று இருந்தது. கீழே வாலை நீட்டி இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து. சோபாவுக்கு மேலே தொங்கும் படத்தின் மூலையிலும் அதே வால், அதே இரண்டு புள்ளி. பெற்ற மகள் அழுதுகொண்டிருந்திருப்பாள். படிவம் நிரப்ப மாமாவை விடக் கைதேர்ந்தவர் யார்?

மகளின் போன் நம்பரும் இருந்தது. உறவுக்காரர் ஒருவர் தேடுகிறார் என்று மட்டும் எழுதிக் கேட்டு, அவள் சம்மதத்தோடு வாங்கியது. அம்மா அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். நேராக மாமா வீட்டுக்குப் போனோம்.

மாமா தாள்களைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயம் வந்தாலும் துடைப்பார், பெருமை வந்தாலும் துடைப்பார்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள் அம்மா.

"அப்பா போனதுக்கப்புறம். ஒரு முப்பது வருஷம் இருக்கும்."

"அப்புறம் எதுக்கு இப்படி எழுதின?"

"அச்சாபீஸ்காரனோட ஓடிப்போனவளை எந்தக் கட்டத்துல போடறது? நாலு பேர் வந்து பாக்கற இடம். இப்ப என்ன, செத்தது செத்ததுதானே? வருஷம்தான் கொஞ்சம் முன்ன பின்ன."

ஐம்பத்தாறு வருடம் அவருக்குக் கொஞ்சம் முன்ன பின்ன. இந்த மனிதரை இத்தனை நாள் வெறும் கோமாளி என்று நினைத்தேனே, அந்த மரியாதைக்குக்கூட லாயக்கில்லாதவர்.

"அவ என்னைக் கேட்டாளா?"

மாமா படத்தின் சட்டத்தை நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது.

"போறப்பல்லாம் கேட்டா. அவளை வரச் சொல்லு, வரச் சொல்லுன்னு உயிரை எடுத்தா. நான் என்னதான் பண்றது? நீ போயிட்டன்னு சொல்லிட்டேன். அத்தோட நிறுத்திட்டா."

அம்மா சோபாவில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் பையில் மாத்திரையைத் தேடினேன். அவள் தேடியது போனை. மடித்த தாளை விரித்து நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். மாமா "இப்ப எதுக்கு" என்று ஆரம்பிப்பதற்குள் எதிர்ப்பக்கம் போனை எடுத்துவிட்டார்கள்.

"யாருங்க பேசறது?" என்றது ஒரு பெண் குரல்.

"உங்க அம்மாவோட தங்கச்சி பேசறேன்மா."

எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. நின்றது.

"அவங்க செத்துப்போய் ரொம்ப வருஷம் ஆச்சே. மாமா சொன்னாரே."

அம்மா மாமாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னாரு. அதுக்கு அத்தாட்சி எதுவும் இல்லம்மா" என்றாள்.