செல்லத்தாய் இறங்குமிடம்

“வளையத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் பிடிங்கண்ணே. கம்பெனி பேரு தெரிய மாட்டேங்குது” என்றான் ராம்கி.

வெள்ளைத்துரை திருப்பிப் பிடித்தார். ஐஸ் பெட்டிக்குள் அவர் மனைவி செல்லத்தாய் படுத்திருந்தாள். பெட்டிக்கு மேலே மலர் வளையம், அதன் குறுக்கே பளபளவென்று ஒரு ரிப்பன். ராம்கி மூன்று படம் எடுத்தான். மூன்றாவதில் யாரோ மூக்கைச் சிந்திவிட்டார்கள் என்று நாலாவதும் எடுத்தான். காருக்கு வயர் கட்டித் தருகிற கம்பெனி அது. ராம்கி அங்கே எச்.ஆர். செல்லத்தாய் அங்கே ஒன்பது வருஷம் நின்றுகொண்டே வயர் கட்டினாள். அவள் தூங்குவது, தின்பது, ஒண்ணுக்குப் போவது எல்லாமே கம்பெனி மணிப்படிதான். இப்போது சாவு வீட்டுக்கும் வந்து இப்படித் திரும்பு, அப்படிப் பிடி என்கிறார்கள். வெள்ளைத்துரைக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

“தம்பி, போட்டோவெல்லாம் இருக்கட்டும். அவ லைன்ல வேலை பாக்குற பொம்பளையாளுகள அனுப்புவீகளா மாட்டீகளா?”

“நான்தான் வந்துட்டேனேண்ணே, கம்பெனி சார்பா.”

“நீங்க அவ கூட ஒரு நாளாவது உக்காந்து சோறு தின்னுருக்கீகளா?”

ராம்கி செல்போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். “ஒரு லைனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லீவுதாண்ணே. இன்னைக்கு அக்கா வரல இல்லையா, அந்த லீவு அவங்க பேர்ல போயிருச்சு.”

சிரிப்பதா, அவனை நாலு அறை அறைவதா என்று வெள்ளைத்துரைக்குத் தெரியவில்லை. செத்தவளுக்கே லீவைக் கொடுத்துவிட்டதால் சாவுக்கு வர ஆளில்லையாம். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வருகிறார்கள்?

அந்த ஒற்றை லீவுதான் அவளைக் கொண்டுபோய்விட்டது என்பது அவருடைய தீர்மானம். லைனில் இருக்கிற பெண்கள் தங்களுக்குள் முறை வைத்து லீவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். நேற்று செல்லத்தாயின் முறை. நாலைந்து நாளாக நெஞ்சைப் பிடிக்கிறது என்றாளே, மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடுவோம் என்று தன் லோடு ஆட்டோவுக்கு வந்த நடையைக்கூட வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டிருந்தார். முந்தின நாள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்:

“முறைய முத்துமீனாவுக்குக் குடுத்துட்டேன். அவ பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகை அடிச்ச விசேசத்தைத் தள்ளி வைக்க முடியுமா? எனக்கு வெறும் வாயுதான, அடுத்த வாரம் காட்டிக்கிருவோம்.”

வெள்ளைத்துரை கத்தினார். அவள் பாட்டுக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நேற்று வேலைக்குப் போனாள், வந்தாள், ரசம் வைத்தாள். இன்று விடியற்காலையில் கம்பெனிக்குக் கிளம்ப எழுந்தவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள்.

சேதி கேட்டதும் முத்துமீனாதான் முதலில் போன் பண்ணினாள். “அண்ணே, நாங்க ஷிப்ட் விட்டு வார வரைக்கும் மதினிய எடுத்துராதீக. ஒரு தடவ மொகத்தைப் பாத்துக்கிறோம்.” அவளைத் திட்டுவதற்கு வண்டி வண்டியாக வார்த்தை வைத்திருந்தார். ஆனால் வாயில் “சரிம்மா” என்றுதான் வந்தது. சொல்லித் தொலைத்தாயிற்று. இனி அதைக் காப்பாற்ற வேண்டும்.

“இன்னும் எம்புட்டு நேரம்டா?” என்று பந்தலிலிருந்து சத்தம் போட்டார் அண்ணன் அழகுபாண்டி. “பொழுதுக்குள்ள முடிக்கணும். சுடுகாட்டுல ஆளு காத்துக் கெடக்கான்.”

“கம்பெனி பஸ்ஸு வரட்டும்ணே. மெயின் ரோட்டு விலக்குல எறங்கி ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரட்டும்.”

“பஸ் இங்க நிக்காதுண்ணே” என்றான் ராம்கி.

“ஒம்போது வருசமா நிக்கிதே தம்பி!”

“அது அக்காவுக்காக நின்னுச்சு. இனி இங்க எறங்க ஆளு இல்லேல்ல? காலையிலயே ரூட்ல இருந்து எடுத்துட்டாங்க. நடுவுல எறக்கி விடவும் முடியாது, லேடீஸ் சேப்டி. வண்டி எங்க நின்னாலும் ஆபீஸ்ல தெரிஞ்சுரும்.”

அவளை இன்னும் வீட்டைவிட்டே எடுக்கவில்லை. அதற்குள் ரோட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெள்ளைத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எடுங்கப்பா” என்றார். இனி யாரைக் கேட்டு என்ன?

மகன் செல்வக்குமார் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். கொட்டுக்காரர்கள் தெருவை அதிரவைத்தார்கள். திண்டுக்கல் ரோட்டில் சேர்கிற விலக்கு வரைக்கும்தான் பெண்கள் வரலாம். அங்கே பாடையை இறக்கிவைத்தார்கள். ஊர்ப் பெண்கள் கடைசியாக ஒரு பாட்டம் அழுது முடித்துத் திரும்பத் தொடங்கினார்கள். வெள்ளைத்துரை மட்டும் ரோட்டோரத்தில் நின்று, கம்பெனி பஸ் வருகிற வாடிப்பட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூக்கச் சொல்லவா?” என்றார் அழகுபாண்டி.

“பொறுண்ணே.”

“எதுக்குடா பொறுக்கணும்? அதான் நிக்காதுன்னு அந்தப் பய சொல்றானே!”

பஸ் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால் போய்விடும் போலத்தான் இருந்தது. டிரைவர் நல்லகாமன் பாடையைப் பார்த்தான். ஒன்பது வருஷமாக எந்தப் புளியமரத்துக்கு நேரே நிறுத்துவானோ, அதே மரத்துக்கு நேரே பிரேக்கை மிதித்தான்.

கதவு முழுக்கத் திறப்பதற்குள் நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் பொலபொலவென்று இறங்கி ஓடிவந்தார்கள். கடைசியாக முத்துமீனா இறங்கினாள். காதுகுத்துக்கு வைத்த மருதாணி கையில் இன்னும் சிவப்பாகவே இருந்தது. காலையிலிருந்து சேர்த்து வைத்த வார்த்தைகளை இப்போது கொட்டிவிடலாம் என்று வெள்ளைத்துரை வாயைத் திறந்தார். அவள் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் போய்ப் பாடையின் கால்மாட்டில் விழுந்தாள். “மதினி, ஒன் லீவ நான் தின்னுட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளைத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டத்தோடு விலக்கு வரைக்கும் வந்திருந்த ராம்கியின் செல்போன் அடித்தது.

“சார்… ஆமா சார், நிக்கிது சார். நான் இங்கதான் இருக்கேன்.” அவன் டிரைவரைப் பார்த்தான். பாடையைச் சுற்றியிருந்த நீலக் கோட்டுகளைப் பார்த்தான். காலரைத் தளர்த்திவிட்டுக்கொண்டான். “பஞ்சர் சார்… போட்டோவா? இந்தா… அனுப்பிடுறேன் சார்.”

போனை இறக்கியவன் முகம் செத்துப்போயிருந்தது. பஸ்ஸின் டயர்கள் கல்லுக்குண்டு மாதிரி காற்றோடு நின்றன.

“போச்சு. எஞ் சீட்டு கிழிஞ்சுது” என்றான் நல்லகாமன்.

வெள்ளைத்துரை இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். இவர்களுக்குப் பொய் சொல்லவும் அரைகுறையாகத்தான் தெரிகிறது. பாடையில் தொங்கிய தென்னோலையிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். அதை ஒடித்துக்கொண்டு பஸ்ஸின் முன் சக்கரத்தருகே குந்தினார்.

“ஸ்டெப்னி இருக்கா?”

“இருக்குண்ணே. மாத்த அரை மணி நேரம் ஆகும்.”

“ஆகட்டும்.”

காற்றடிக்கிற வாயின் மூடியைத் திருகி எடுத்துவிட்டு ஈர்க்கால் உள்ளே அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. முகத்தில் புழுதி அடித்தது. பின்னால் பெண்கள் ஓங்கி அழத் தொடங்கினார்கள். பொழுதைப் பற்றி இன்னொரு தடவை சொல்ல வந்த அழகுபாண்டி, சொல்லாமல் மைல்கல்லின் மேல் உட்கார்ந்தார்.

ராம்கி குனிந்து படம் எடுத்து அனுப்பினான். “போதும்ணே” என்றான் மெதுவாக. “படத்துக்கு இம்புட்டுப் போதும்.”

வெள்ளைத்துரை கையை எடுக்கவில்லை. சீறல் குறைந்து, நின்று, டயர் தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டது. நல்லகாமன் ஜாக்கியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்த பிறகும் அவர் அந்த ஈர்க்கை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.