ஏழு நிமிடப் பாட்டும் மூன்று நிமிடப் பேச்சும்

மார்ச் 9, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. பேச்சு வகுப்பில் எனக்குத் தந்தது மூன்று நிமிடம். நான் போட்ட பாட்டு ஏழு நிமிடம். ஸ்டுடியோவில் பதிந்ததைப் போடுவதற்குப் பதில், மேடைக் கச்சேரியில் பதிந்ததைப் போட்டுவிட்டேன். கவனக்குறைவு.

இவ்வளவையும் டைரியில் எழுதி, கடைசி வார்த்தைக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். மாலை வகுப்பில் அவனுக்குப் பெயரே ஸ்கேல்தான். பகலில் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவன். ஒரு சொட்டு கூடினாலும் அந்த டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். அவன் கையிலேயே நான்கு நிமிடம் கூடிப்போய்விட்டது.

"உங்க மனசைத் தொட்ட ஒண்ணைப் பத்திப் பேசுங்க" என்று டீச்சர் சொன்னபோதே அவன் அந்த ராக் பாட்டு என்று முடிவு செய்துவிட்டான். அந்தப் பாட்டில் ஒருவன் ஓர் அறைக்குள் நுழைகிறான். உள்ளே இருப்பவர்கள் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அவனைப் போலவே நடந்து காட்டிச் சிரிக்கிறார்கள். முதல்முறை கேட்டபோது, இதை எழுதியவன் நம் வகுப்புக்கு எப்போது வந்து போனான் என்று ஸ்கேலுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

இடைவேளையில் வராந்தா பெஞ்சில் டீ குடிக்கிற கூட்டம் ஒன்று உண்டு: லிஃப்ட் மெக்கானிக், மருந்துக்கடை அக்கா, சலூன்காரர். நான்காவது இடத்தில் மெக்கானிக்கின் பை உட்கார்ந்திருக்கும். ஸ்கேல் பக்கத்தில் போனால், "என்ன ஸ்கேல், பெஞ்சை அளக்க வந்தியா?" என்பார் மெக்கானிக். மற்ற இருவரும் சிரிப்பார்கள். அவனும் கூடச் சிரித்துவைத்து, சுவரோரம் நின்று டீயை முடிப்பான்.

அதனால் ஒரு நிமிடம் பாட்டு, இரண்டு நிமிடம் பேச்சு என்று திட்டம் போட்டிருந்தான். பேச்சின் கடைசி வரி, "அந்தப் பையை எடுத்தால் நானும் உட்காருவேன்."

ஆனால் முதல் நிமிடம் முழுக்கக் கச்சேரிக் கூட்டத்தின் கைதட்டலிலேயே போனது. பாட்டு ஒருவழியாக வந்து முடிந்ததும் கிட்டார்க்காரர் பிடித்துக்கொண்டார். விடுகிற மாதிரி தெரியவில்லை. நிறுத்தலாம் என்று ஸ்கேல் போனைத் தொட்டான், சத்தம்தான் கூடியது. நல்ல கலைஞரைப் பாதியில் நிறுத்துவது மரியாதையா என்றும் யோசனை. கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"நேரம் முடிஞ்சுதுப்பா, உட்காரு" என்றார் டீச்சர்.

இடைவேளையில் வராந்தாவுக்குப் போகக் கால் எழவில்லை. மெக்கானிக்கே தேடி வந்து பெஞ்சுக்குக் கூட்டிப்போனார். அவர் கண் சிவந்திருந்தது.

"அந்தப் பாட்டை மறுபடி போடு ஸ்கேல். என் கதைடா அது. கம்பெனியில ஒருத்தனும் என்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டான். லிஃப்ட் குழிக்குள்ள உக்காந்து தனியாத்தான் சாப்பிடுறேன்."

"உங்க கதையா? என் மாமியார் வீட்டுக்கு வந்து பாருங்க" என்றார் அக்கா. "நான் ஹாலுக்குள்ள போனா பேச்சு நின்னுடும். தலைவலி வந்தா மட்டும் மருமக ஞாபகம் வரும்."

"அந்தப் பாட்டு ஒரு சலூன்காரனைப் பத்தினதுன்னு நினைச்சேன்" என்றார் சலூன்காரர்.

ஸ்கேல் செருமினான். "அண்ணே, நான் அதைக் கொண்டுவந்ததே எதுக்குன்னா..."

"உனக்கு இதெல்லாம் புரியாதுடா. உன்னை யாரு என்ன சொல்லப்போறாங்க?"

வகுப்பின் நிறைவு விழாவில் இதை நாடகமாகப் போடலாம் என்றார் அக்கா. தனியாக நிற்கிற ஆள் யார் என்று சண்டை வந்தது. மூன்று பேருமே தனியாக நிற்பது என்று தீர்ந்தது.

"அப்போ கேலி பண்றவன்?" என்றார் மெக்கானிக்.

மூவரும் ஸ்கேலைப் பார்த்தார்கள்.

"தம்பிதான் சரி" என்றார் சலூன்காரர். "எப்பவும் சுவரோரமா நின்னு நம்மளையே பார்க்கும். பேசாது. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் உதறும்."

இரண்டு நிமிடப் பேச்சு முழுவதும் இன்னும் ஸ்கேலிடமே இருந்தது. கடைசி வரியைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, அந்தப் பை..."

"அதைக் கீழ வைடா. நாடகம்னா நின்னுக்கிட்டா பேசுவே? உக்காரு."

உட்கார்ந்தான். நான்கு பேருக்கு அந்தப் பெஞ்சு ரொம்பவே நெருக்கம். அக்காவின் முழங்கை அவன் விலாவில் இடித்தது. நகர்ந்துகொள்ளச் சொல்ல அவனுக்கு மனமில்லை.

"எங்க, ஏளனமா ஒரு சிரிப்பு சிரி" என்றார் மெக்கானிக்.

சிரித்தான்.

"மன்னிப்புக் கேக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார் அக்கா.

மெக்கானிக் சிரித்துக் காட்டினார். உதடு ஒரு பக்கம் ஏறி, மூக்கு வழியாகக் காற்று வந்து, கேட்கிறவன் குறுகிப்போகிற சிரிப்பு.

"எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?" என்றான் ஸ்கேல்.

"தெரியலடா. தானா வருது."

இதையும் டைரியில் எழுதினான். அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று ஒரு வரி எழுதி அடித்தான். பிறகு அடுத்த நாளின் வேலையைக் குறித்தான்:

புதன். கடை திறக்கும் முன் ஏளனச் சிரிப்பு பழக வேண்டும். உதடு இடப்பக்கம் ஏற வேண்டும்.