கணக்கில் வராத பன்னிரண்டு

நானூறு கார் மட்டுமே நிற்கக்கூடிய இடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு இடம் காலி என்று நெடுஞ்சாலைப் பலகை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பல்லிளித்துக்கொண்டு நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து எல்லோர் போனுக்கும் அனுப்பிவைத்தான். ஊரே சிரித்தது. திங்கட்கிழமை காலை போக்குவரத்து அலுவலகம் கூடி, இதற்கெல்லாம் காரணம் கேட்டக்காதான் என்று கண்டுபிடித்தது. அடேயப்பா, என்ன மூளை!

கேட்டக்கா, அதாவது கேட்டில் இருக்கிற அக்கா, என்பது ரயில் பிடிக்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர். ஸ்டேஷனை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தின் வாசலில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க முடியாத கூண்டுக்குள் ஆறு வருஷமாக இருக்கிறாள். புருஷன் தையல்காரன், வருஷத்தில் பாதி நாள் மெஷினுக்கும் அவனுக்கும் ஓய்வு. அவள் வீட்டு அடுப்பு இந்தக் கூண்டை நம்பித்தான் எரிகிறது.

பலகை சமாசாரம் எளிது. ஸ்டேஷனுக்குத் திரும்பும் வளைவுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் நிற்கிறது. மூன்றே வரி. காரிலேயே நகரத்துக்குப் போனால் இத்தனை நிமிடம், ரயிலில் போனால் இத்தனை நிமிடம், ஸ்டேஷனில் காரை விட இத்தனை இடம் காலி. காருக்கு ஐம்பத்தைந்து, ரயிலுக்கு இருபத்துநாலு என்று பார்த்ததும் மனுஷன் மூன்றாவது வரிக்குத்தான் போவான். அங்கே பன்னிரண்டு என்று இருந்தால் நம்பி வண்டியைத் திருப்புவான். நிறுத்துமிடத்தின் வாசலில் தரைக்குள் கம்பி பதித்திருக்கிறார்கள். ஒரு கார் உள்ளே வந்தால் பலகையில் ஒன்று குறையும், வெளியே போனால் ஒன்று கூடும். கம்பி எங்கேயாவது பிசகியிருந்தால் சரிக்கட்டுவதற்காக, தினமும் விடிந்ததும் கேட்டக்கா வரிசை வரிசையாக நடந்து காலி இடத்தை எண்ணி, கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை, அன்றைக்கு எண்ண ஆளில்லை.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டில், தினமும் காலை எட்டு மணிக்கு மேல் வருகிற பன்னிரண்டு பேருக்கு மட்டும் இடம் இருக்காது. பலகையைப் பார்த்துத் திரும்பி வந்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் கேட்டக்கா தலையில் கொட்டிவிட்டுப் போவார்கள். நீலக் கார் டீச்சர் ஒருத்தி, பாவம், திட்டக்கூட மாட்டாள். அன்றைக்கு முதல் வகுப்பு போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி நெடுஞ்சாலை நெரிசலுக்குள் போவாள். அடுத்த வாரம் திரும்ப வருவாள். அவளுக்குப் பலகை மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

அந்தப் பன்னிரண்டு இடமும் எங்கே போகிறது என்பது கேட்டக்காவுக்குத் தெரியாதா என்ன? பின்பக்கம் தீயணைப்பு வண்டிக்கென்று ஒரு கேட் இருக்கிறது. அதில் கம்பி கிடையாது. கேட்டுக்கு அந்தப் பக்கம் போக்குவரத்து அலுவலகம், அதாவது பலகையைக் கட்டி மேய்க்கிற அதே அலுவலகம். அங்கே அவர்களுக்கென்று தனியாக நிறுத்துமிடம் உண்டு. ஆனால் அங்கே கூரை இல்லை, வெயில் அடிக்கும். துரைமார்கள் காருக்கு வெயில் ஆகாது. ஸ்டேஷன் நிறுத்துமிடத்தில் கூரை போட்ட இடம் சரியாகப் பன்னிரண்டு. ஆகவே எட்டரைக்கு, பின்கேட்டுச் சாவியை வைத்திருக்கிற பெரிய இன்ஜினியர் முன்னால் வர, மற்ற பதினோரு பேரும் அவர் பின்னால் பின்கேட்டு வழியாக நுழைந்து கூரைக்கடியில் நிறுத்திவிட்டு, பொடிநடையாக ஆபீசுக்குப் போவார்கள். ரயிலை ஒருத்தர்கூட ஏறெடுத்துப் பார்த்ததில்லை. சாயந்திரம் மட்டும் முன்வாசல் வழியாகப் போவார்கள், நெடுஞ்சாலைக்கு அதுதான் கிட்டம். அதுவரை வேறு யாரும் கூரைக்கடியில் நிறுத்திவிடாதபடி விடியற்காலையில் பன்னிரண்டு ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைக்கவேண்டியது கேட்டக்காவின் வேலை.

பலகை வந்த புதிதிலேயே பெரிய இன்ஜினியரிடம் இதை அவள் எடுத்துச் சொன்னாள். அவர் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது ஆபீஸ் வண்டிம்மா. அதெல்லாம் கணக்குல வராது" என்றார்.

கணக்கில் வராதது இடத்தை மட்டும் எப்படி அடைக்கிறது என்று அவள் கேட்கவில்லை. வேலை வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

படம் பரவிய பிறகு விசாரணை என்று ஒரு கூத்து நடந்தது. வெளியிலிருந்து நிபுணர் ஒருவர் மடிக்கணினியோடு வந்து மூன்று நாள் வாசலில் குடைக்கடியில் உட்கார்ந்தார். ஈரம் என்றார், எறும்பு என்றார். கம்பியைத் தோண்டி எடுத்துப் புதுக்கம்பி பதித்தார். பலகை மறுநாளும் பன்னிரண்டு கூடுதலாகவே காட்டியது. பிறகு எறும்பு அல்ல, கைக்கணக்குதான் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பின்கேட்டுப் பக்கம் அந்த அறிவாளி தலையைக்கூடத் திருப்பவில்லை. அவருடைய காரும் மூன்று நாளும் கூரைக்கடியில்தான், லீவில் இருந்த ஒருவரின் இடத்தில் நின்றது.

கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மா நேரில் வந்து எண்ணுவார். பலகைக்கும் தரைக்கும் ஒரு இடம் வித்தியாசம் இருந்தாலும் கேட்டக்காவுக்கு வேலை கிடையாது.

வியாழக்கிழமை பெரிய இன்ஜினியரே கூண்டுக்கு வந்தார். குரலில் தேன் வழிந்தது. காலையில் எண்ணும்போது பன்னிரண்டைக் கழித்துச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், தினமும் அப்படியே செய்தால் அவள் வேலைக்கும் ஆபத்தில்லை என்று ஆறுதல் சொன்னார். வீட்டில் புருஷனும் அதையே பாடினான். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, கழிச்சுட்டுப் போயேன், உன் அப்பன் வீட்டு இடமா என்று கேட்டான்.

கழித்துவிடலாம்தான். பலகை உண்மை பேசும். பன்னிரண்டு பேர் வளைவில் திரும்பாமல் நேரே நெரிசலுக்குள் போவார்கள். தங்கள் இடத்தை யாரோ தின்றுவிட்டார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. திட்டுவதற்குக்கூட வரமாட்டார்கள். அதை நினைத்ததும் கேட்டக்காவுக்கு ஆபீஸ்காரர்கள் மேல் வெறுப்பு வந்தது. அவர்கள் மேல் மட்டுமா? இத்தனை வருஷமாகக் குனிந்து குனிந்து அந்தக் கூம்புகளை வைத்தவள் யார்? தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நடந்தாள், எண்ணினாள், ஒன்றையும் கழிக்காமல் உள்ளதை உள்ளபடி போனில் சொன்னாள். கூம்புகளை மட்டும் வெளியே எடுக்கவில்லை. கூண்டுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் சாப்பாட்டுப் பையை வைத்தாள்.

எட்டு மணிக்கெல்லாம் கூரைக்கடியில் கார்கள் நிற்க ஆரம்பித்தன. எட்டேகாலுக்கு, பலகையில் ஒன்பது இடம் என்று பார்த்துவிட்டு அதிகாரி அம்மாவே காரை ஓட்டிக்கொண்டு முன்வாசலில் நுழைந்தார். ஸ்டேஷனுக்குத் தூரம் என்று மற்றவர்கள் விட்டுவைத்த முதல் கூரையிடம் அவருக்குக் கிடைத்தது. பெரிய இன்ஜினியர் தினமும் நிறுத்துகிற இடம். இறங்கி வந்து கேட்டக்காவின் கூண்டருகே நின்று, பலகையின் எண்ணைக் காட்டுகிற உள்ளேயிருந்த சின்னத் திரையைப் பார்த்தபடி இருந்தார். எட்டு, ஏழு, ஆறு. கடைசி இடத்துக்கு நீலக் கார் வந்தது. டீச்சர் கையசைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள். பலகையில் பூஜ்யம். அம்மா எல்லா வரிசையையும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். தரையிலும் பூஜ்யம்.

"சரியாத்தானே இருக்கு?" என்றார்.

அப்போதுதான் பின்கேட் திறந்தது. பெரிய இன்ஜினியரின் கார் முன்னால் வர, மற்ற பதினொன்றும் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி உள்ளே வந்தன. கூரைக்கடியில் அவர் இடத்தில் வேறொரு கார். கூம்பைக் காணோம். திருதிருவென்று விழித்தார். திரும்ப இடமில்லை, பின்னால் போகப் பதினோரு கார் தடுத்தது. வேறு வழியில்லாமல் முன்வாசலுக்கு வந்து, தடுப்புக்கட்டையைத் தூக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்.

கேட்டக்கா கூண்டிலிருந்து இறங்கிப் போய் அவர் ஜன்னலருகே குனிந்தாள்.

"இப்படிப் போனா போர்டுல ஒண்ணு கூடும் சார். மேடம் பாத்துட்டு இருக்காங்க. வந்த வழியாவே போயிடுங்க" என்றாள்.

கடைசியில் வந்தவன் முதலில் பின்வாங்கினான். பிறகு அடுத்தவன். கழுத்தைத் திருப்பித் திருப்பி, குறுகலான கேட்டில் இடித்துவிடாமல், பன்னிரண்டு மேதாவிகளும் பின்பக்கமாகவே ஊர்ந்துபோனார்கள். தன் முறை வரும்வரை பெரிய இன்ஜினியர் வேர்க்க வேர்க்க அந்தப் பாதை நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ரயிலுக்குப் போகிறவர்கள் அவர் காரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அம்மா இது என்ன வண்டிகள் என்று கேட்டார்.

"ஆபீஸ் வண்டி மேடம். கணக்குல வராதாம்."

"அப்போ நானூத்திப் பன்னிரண்டு எப்படி வந்துச்சு?"

"உள்ள வரும்போது கணக்குல வரல மேடம். வெளிய போகும்போது மட்டும் வந்துட்டாங்க."

அம்மா பேனாவைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். கேட்டக்கா பின்கேட்டுக்குப் போய், பெரிய இன்ஜினியர் வெளியேறும்வரை காத்திருந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அந்தக் கேட்டின் சாவியைக் கேட்டாள். அவர் கொடுத்தார்.