எறியாமல் கொடுத்த பந்து

புலம்பெயர்ந்து வந்த நகரின் பேஸ்போல் கழகத்தில் சம்பளத்துக்கு ஆடிய முதல் ஆள் சேந்தன். ஒப்பந்தம் ஒரு கோடைக்கு மட்டும்; அதை நீடிப்பதா என்பதைக் கடைசிப் போட்டிக்குப் பிறகு நிர்வாகம் தீர்மானிக்கும். நீடிக்காவிட்டால் பொதி விநியோக வான் ஓட்டத் திரும்புவதாக மனைவி துஷ்யாவிடம் ஒப்புக்கொண்டிருந்தான். ஆறடி இரண்டங்குலம், இடக்கை, தமிழ்க் கிரிக்கெட் அணியில் பதினோராண்டுகள் ஸ்லிப்பில் நின்று பழகிய விரல்கள்: அவனைத் தேர்ந்ததற்கு இவையே காரணங்கள்.

அவனுடைய இடம் முதல் தளம். தரையில் பதித்த வெள்ளை மெத்தையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எறிவதைப் பிடிக்க வேண்டும். மட்டையாளர் ஓடி வருமுன் பிடித்தால் அவர் ஆட்டமிழப்பார்.

"மெத்தையிலை காலை வைச்சுக்கொண்டு நிக்கிறதுக்கே சம்பளம், மருமகன்?" என்று மாமனார் ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார்.

"பந்தும் பிடிக்கோணும், மாமா."

"அதைத்தானே எல்லிங்ஸ்ருட் கிரிக்கெட்டிலை சும்மா பிடிச்சனீர்?"

முதன்முறை அடித்தபோது சேந்தன் கிரிக்கெட்டில் போல மட்டையோடு ஓடி, அதைத் தளத்தை நோக்கி நீட்டியபடி விழுந்தான். இங்கே ஆளே தளத்தைத் தொட வேண்டும்; மட்டை போய்ச் சேர்ந்தது, அவன் சேரவில்லை. அந்தப் பழக்கம் ஒரே நாளில் திருந்திற்று. மற்றது திருந்தவில்லை. பிடியெடுத்தவுடன் அவன் பந்தை வானத்துக்கு எறிந்து துள்ளுவான். கிரிக்கெட்டில் பிடியோடு பந்து ஓய்ந்துவிடும், இங்கே ஓயாது. அவன் அண்ணாந்து நின்ற நேரங்களில் எதிரணியினர் தளம் தளமாக ஓடி ஓட்டமெடுத்தார்கள். மூன்று போட்டிகள் அவ்வாறு போயின.

பயிற்சியாளர் தூர்பியோர்ன் குரலை உயர்த்தாத மனிதர். "பிடி. பக்கத்தில் நிற்பவரின் கையில் வை," என்றார். நாளுக்கு நூறு தடவை அதையே செய்வித்தார். பயிற்சி வீட்டிலும் தொடர்ந்தது. துஷ்யா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினால், வாங்கி அவளுடைய கையிலேயே வைத்தான்.

"குடிச்சிட்டுத் தாங்கோப்பா!"

கடைசிப் போட்டி பக்கத்து நகரமான திராமனின் அணியுடன். கடைசிச் சுற்றில் சேந்தனின் அணி ஓர் ஓட்டத்தால் முன்னிலை. திராமனுக்கு இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஆட்கள் நின்றார்கள். இன்னும் இருவரை வீழ்த்தினால் வெற்றி. அப்போது ஒரு பந்து உயர எழுந்து, பார்வையாளர்களைத் தடுத்த கயிற்றை நோக்கிச் சரிந்தது. சேந்தன் பின்னோக்கி ஓடி, பாய்ந்து, ஒற்றைக் கையால் பிடித்தான்.

வானத்துக்கு எறியவில்லை. எழுந்து, பக்கத்தில் நின்றவரின் விரிந்த கையில் பந்தை வைத்தான்.

கை மாமனாருடையது. மாமனார் கயிற்றுக்கு வெளியே நின்றார்.

"எடுத்தார் பாருங்கோ என்ரை மருமகன்!" என்று கூவி, ஸ்ரீஸ்கந்தராசா பந்தை வானத்துக்கு எறிந்தார்.

பந்து களத்தை விட்டுப் போனதால், தளங்களில் நின்ற இருவருக்கும் இரண்டிரண்டு தளங்களை நடுவர் வழங்கினார். இருவரும் கடைசித் தளத்துக்கு நடந்தே வந்து ஆளுக்கோர் ஓட்டமெடுத்தார்கள்.

"என்ன, ஆறுதலா நடந்து போறாங்கள்?"

"வெண்டிட்டாங்கள், மாமா."

"அதெப்பிடி? நீர் பிடிச்சனீரே!"

"நீங்களும் பிடிச்சனீங்கள்."

நிர்வாகத்தின் கடிதம் இரண்டு வரிகள்; நீடிப்பு இல்லை. பயிற்சியாளர் தனியே எழுதினார்: "பிடித்ததில் பிழையில்லை. வைத்ததும் நான் சொன்னபடியே."

திங்கட்கிழமை சேந்தன் பொதி வானில் ஏறினான். நகரின் குறொன்லாண்ட் பகுதியில் மற்ற ஓட்டுநர்கள் பொதிகளை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவன் மணியடித்து, எதிர்ப்படும் முதல் கையில் வைக்கிறான். நிறுவனம் அவனை நிரந்தரமாக்கியிருக்கிறது. அந்தக் கை உரியவருடையதுதானா என்பது குறித்து மட்டும் சில முறைப்பாடுகள் உண்டு.