படியேறி இறங்கிய முட்டை

கேசிகாவின் படங்களில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. பலெர்மோவின் மாலை ஓவிய வகுப்பில் அவள் வரைந்த கோப்பை கோப்பையைப் போலவே இருந்தது. தோடம்பழம் தோடம்பழத்தைப் போலவே இருந்தது. ஆசிரியை லூசியா எட்டிப் பார்ப்பார், "சரியாக இருக்கிறது" என்பார், அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு லூசியா கொடுத்த தலைப்பு, அச்சமூட்டும் உயிர்கள். கடலில் மிதந்து ஆளைக் கொல்லும் சொறிமுட்டையின் படத்தைக் காட்டினார். மணப்பெண்போல வெள்ளையாக நின்று ஈரலைத் தின்கிற காளானைக் காட்டினார். எறும்பின் தலையைப் பிளந்துகொண்டு முளைத்த பூஞ்சணத்தைக் காட்டினார். "உங்கள் படத்தைப் பார்ப்பவர் ஓரடி பின்னால் போகவேண்டும். போகாவிட்டால் அது சுவரில் ஏறாது."

சுவரில் ஏறாவிட்டால் வகுப்பை விட்டுவிடுவதாக, ஏதோ ஒரு வீறாப்பில், கேசிகா அம்மாவிடம் சொல்லித் தொலைத்திருந்தாள். அம்மா ஞானாம்பிகை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் மகனுடைய அலுவலகத்தை மாலையில் துடைத்துக் கூட்ட ஆள் வேண்டுமாம். அம்மா மகளுக்கென்று கையுறைகூட வாங்கி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பிருந்தாபன் மாண்டரின் தோடம்பழம் பறிக்கும் சியாகுல்லித் தோட்டத்துக்குப் பழம் வாங்கப் போனபோதுதான் கேசிகா அதைக் கண்டாள். மரத்தடியில், பச்சை இறைச்சியில் பின்னிய கூடைபோல ஒரு சிவப்புக் கூண்டு சரிந்து கிடந்தது. அதைச் சுற்றி ஈ மொய்த்தது.

"உதுக்குக் கிட்டப் போகாதை. செத்த எலி மாதிரி மணக்கும்," என்றான் அண்ணன்.

அவள் ஓரடி பின்னால் போனாள். போன பிறகுதான் போனதைக் கவனித்தாள்.

பக்கத்து மண்ணில் வெள்ளை முட்டை ஒன்று பாதி புதைந்து தெரிந்தது. தொலைபேசியில் தேடிப் பார்த்தாள். அது காளான். அந்த முட்டையைக் கிழித்துக்கொண்டுதான் சிவப்புக் கூண்டு வெளியே வருமாம். அதற்கு இத்தாலியர் வைத்த பெயர்களில் ஒன்று லாந்தர்க் காளான், மற்றது சூனியக்காரியின் இதயம். யாராவது கேட்டால் லாந்தரை மட்டும் சொல்வது என்று தீர்மானித்து, முட்டையை மண்ணோடு அள்ளித் தயிர் டப்பாவில் கொண்டுவந்தாள். அல்பெர்கேரியாப் பகுதியில் அவர்கள் இருந்த பழைய கட்டடத்தில், வீட்டுக் கதவுக்கு வெளியே படியோரம் நின்ற கறிவேப்பிலைச் சட்டியில் பாதி புதைத்து வைத்தாள்.

காலையில் தண்ணீர் ஊற்றப் போன அம்மா போட்ட சத்தம் கீழே பலாரோ சந்தை வரை கேட்டிருக்கும்.

"வாசல்லை முட்டை தாட்டு வைச்சிருக்கிறாள்! செய்வினை!"

"ஆரம்மா?"

"வேறை ஆர்? மேல்வீட்டுப் பவளராணிதான்!"

பவளராணியின் ஈர உடுப்பு அம்மாவின் மோர்மிளகாயில் சொட்டியதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கேசிகா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"இதைக் குப்பையிலையும் போடேலாது, உடைக்கவும் கூடாது," என்றாள் அம்மா. "வைச்சவளின்ர வாசல்லையே பழுதில்லாமல் திருப்பி வைக்கவேணும்."

கேசிகா வாயை மூடிக்கொண்டாள். காளான் என்று சொன்னால் முட்டை இப்போதே குப்பைக்குப் போகும். செய்வினை என்றால் அதை உடைக்கிற துணிவு எவருக்கும் வராது. பலெர்மோவில் அதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது.

அம்மா இடக்கையால் சிரட்டையில் மண்ணோடு அள்ளி, எவரோடும் கதைக்காமல் படியேறி, பவளராணியின் பூச்சட்டியில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் முட்டை மஞ்சள் பூசிக்கொண்டு கறிவேப்பிலையடிக்குத் திரும்பி வந்தது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள். வேப்பிலைக்கு இந்த ஊரில் எங்கே போவது? கறிக்குப் போடும் லாவுரோ இலை ஒன்றைச் செருகி மறுபடியும் மேலே ஏற்றினாள். அது கீழே வந்தபோது கூடவே ஓர் எலுமிச்சங்காயும் வந்தது.

மஞ்சள் பட்டதால் காளான் செத்துவிடுமோ என்று கேசிகாவுக்குப் பயம். முட்டை எந்த மாடியில் இருந்தாலும் போகும்போதும் வரும்போதும் அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். "முட்டைக்கு வேர்க்குதடி!" என்று பவளராணி எவரிடமோ தொலைபேசியில் அலறுவது படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

திங்கட்கிழமை படம் கொடுக்கவேண்டும். சனிக்கிழமை காலை கேசிகா தாளும் பென்சிலுமாக வெளியே வந்தபோது சட்டியில் முட்டை இல்லை. மேலே ஓடினாள். அங்கேயும் இல்லை. அப்போதுதான் கீழ்ப்படிகளிலிருந்து குரல்கள் கேட்டன. சந்தையால் திரும்பிய அம்மாவும் பவளராணியும் எதிரும் புதிருமாக நின்றார்கள். நடுவே, படியில், சிரட்டையில் முட்டை.

"கையும் களவுமாப் பிடிபட்டியோ, பவளம்?"

"உங்கட சாமானைத்தான் உங்கட கையிலையே தர இறங்கி வந்தனான், ஞானமக்கா. என்ர பூச்சட்டிக்கை முதல் வைச்சது ஆர்?"

"நீ என்ர வாசல்லை வைச்சதைத்தானே திருப்பி வைச்சனான்!"

"நானோ? முருகனறிய நான் வைக்கேல்லை!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்ப ஆர் வைச்சது?"

முட்டையின் தோல் கிழிந்தது. உள்ளே இரத்தச் சிவப்பாக ஏதோ திமிறியது. இத்தனை நாள் கதைக்காத இருவரும் ஒருவரையொருவர் இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பின்னாலேயே நாற்றம் வந்தது.

"கேசிகா! உள்ளை போ, பிள்ளை!"

கேசிகா இரண்டு படி மேலே உட்கார்ந்து தாளை மடியில் விரித்திருந்தாள். "அம்மா, கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ. வெளிச்சத்தை மறைக்கிறியள்."

அம்மாவின் பார்வை தாளுக்குப் போனது, பென்சிலுக்குப் போனது, முட்டைக்கு வந்தது. "எடியே! உன்ர வேலையோ இது?"

"வகுப்புக்கம்மா. காளான். லாந்தர்க் காளான்."

அம்மா செருப்பைக் கழற்றினாள். "முதல்லை இந்தச் சனியனுக்கு. பிறகு உனக்கு." செருப்பு முட்டைக்கு நேர் மேலே உயர்ந்தது.

அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியது பவளராணி.

"பொறுங்கோ அக்கா. ஒரு கிழமையா ஏத்தி இறக்கினனாங்கள். என்ன வருதெண்டு பாக்காமல் விடுறதோ?"

செருப்பு மெல்ல இறங்கியது. அம்மாவுக்கும் பார்க்கத்தான் ஆசை.

கூண்டு கட்டம் கட்டமாக விரிந்தது. நாற்றத்தில் மூச்சுவிட முடியவில்லை. கேசிகா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இழுப்பாள், முகத்தைத் திருப்பி மூச்செடுப்பாள், மறுபடியும் ஒரு கோடு. இது சரியா, அழிக்கவா என்று யோசிக்க மூச்சில் இடமில்லை. மஞ்சள் படிந்த தோலையும் லாவுரோ இலையையும் விடாமல் போட்டாள்.

"உந்த ஓட்டை இன்னும் பெரிசு," என்றாள் பவளராணி, முந்தானைக்குள் இருந்து.

"நடுவிலை கறுப்பாச் சளி மாதிரி ஒண்டு கிடக்கு. அதை விட்டிட்டாய்," என்றாள் அம்மா.

திங்கட்கிழமை லூசியா அந்தப் படத்தின் முன்னால் நின்றார். "சரியாக இருக்கிறது" என்று சொல்லவில்லை. ஓரடி பின்னால் போனார்.

கண்காட்சிக்கு இரு பெண்களும் சேர்ந்தே வந்தார்கள். படத்தின் கீழே எழுதியிருந்ததைப் பவளராணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "சூனியக்காரியின்ர இதயமாம்! நான் அப்பவே சொன்னனானெல்லோ!" உடனே கைப்பையிலிருந்து குங்குமம் தடவிய எலுமிச்சங்காயை எடுத்துப் படத்துக்குக் கீழே வைத்தாள். வந்தவர்கள் அதையும் சேர்த்துப் படம்பிடித்துக்கொண்டு போனார்கள்.

அம்மா சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படத்தையே பார்த்து நின்றாள்.

"அம்மா, இது படம். மணக்காது."

"தெரியும்," என்றாள் அம்மா. கையை எடுக்கவில்லை. சால்வைக்குள்ளிருந்தே சொன்னாள்: "அந்தப் பின்னேர வேலையைப் பவளத்தின்ர மச்சாளுக்குச் சொல்லிப்போட்டன். கையுறையையும் குடுத்திட்டன்."

பிறகு மகளின் தோளில் தொங்கிய பையை வாங்கி, திறந்து, அடிவரை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.