ஏழாம் பக்கம், நான்காவது வரி

அந்த வரியை லஸ்தேனியா மூன்றாவது வருடமாக அடித்தாள்.

'பழைய தொலைபேசி இணைப்பைத் துண்டித்தல்.' கமிட்டியின் தொழில்நுட்பத் திட்டத்தில் ஏழாம் பக்கம், நான்காவது வரி. மற்ற பதினெட்டு வரிகளுக்கும் மளமளவென்று டிக் போட்டவள், இந்த ஒன்றின் மேல் மட்டும் பேனாவை அழுத்தி இழுத்தாள். தாள் கிழிந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த யாரிட்ஸா பெருமூச்சு விட்டாள். மூத்த பெண்களை மரியாதையாக 'டோன்யா' என்றுதான் அவள் கூப்பிடுவாள். கணிப்பொறி வேலைக்கென்று கமிட்டி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரே ஆள் அவள்தான்.

"டோன்யா, இந்த ஒரு வரி இல்லேன்னா மத்ததெல்லாம் வெறும் காகிதம். பழைய கம்பி இருக்கிற கட்டடத்துக்கு இன்டர்நெட் வர்ற புதுக் கம்பி தர மாட்டோம், வெட்டினா பழைய நம்பரும் போயிடும்னு போன் கம்பெனி சொல்லிடுச்சு. நீங்களே நாலு தடவை போய்க் கேட்டீங்க."

"அஞ்சாவது தடவை போறேன்."

"போங்க. அந்த ஆபீசர் உங்களப் பாத்தாலே மேஜைக்கு அடியில ஒளிஞ்சுக்கிறாராம்."

லஸ்தேனியா சிரிக்கவில்லை. சொலுத்தேகா ஊரின் வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. மேஜை மேல் அந்தக் கறுப்புத் தொலைபேசி பேசாமல் கிடந்தது.

கமிட்டி என்பது வடக்கே பிழைக்கப் போய், வழியில் மெக்சிகோவில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார்களின் கூட்டம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு லஸ்தேனியாவின் தையல் கடையில் தொடங்கியது. கடைதான் அலுவலகம் ஆயிற்று. கடையின் தொலைபேசி எண்ணே கமிட்டியின் எண்ணாயிற்று. அவள் மகன் ஓல்வினுக்கு அது வீட்டு எண். பத்தொன்பது வயதில் கிளம்பிப் போனவன், மெக்சிகோவிலிருந்து ஒரே ஒரு முறை கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை மறுபடி பேசுறேம்மா" என்றான்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் கோயிலுக்குப் போனதில்லை. காலை ஆறு மணிக்கு வந்து இந்தத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். கேட்டால், கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்பாள். தலைவி சொன்னால் யார் மறுத்துப் பேசப்போகிறார்கள்?

போன மாதம் மறுக்க முடியாத ஒன்று வந்தது. மெக்சிகோவில் அடைக்கலமனை நடத்தும் ஒரு கன்னியாஸ்திரீ எழுதிய கடிதம். உள்ளே ஒரு இளைஞனின் புகைப்படம். பெயர்கூடச் சொல்லத் தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், உங்கள் ஊர்ப் பேச்சு போலத் தெரிகிறது, உங்கள் எண்ணுக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தேன், போகவில்லை, அதனால் தபாலில் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள். தபால் வந்து சேர ஏழு வாரம். யாரிட்ஸா உடனே ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டானாம்.

அவன் கமிட்டித் தாய்மார்களில் ஒருத்தியான காந்திதாவின் மகன். புகைப்படத்தை அவளிடம் கொடுத்தது லஸ்தேனியாதான். காந்திதா படத்தைத் தடவிப் பார்த்து, "இளைச்சிட்டான்" என்று மட்டும் சொன்னாள். தாமதம் ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் ஏழாம் பக்கத்தில் லஸ்தேனியா பேனாவை இழுத்தாள் என்றால், அவள் கல்நெஞ்சக்காரி என்பதால் அல்ல. ஓல்வின் விஷயத்தில் அவளிடம் மிச்சம் இருந்தது அந்த எட்டு இலக்க எண் மட்டும்தான்.

யாரிட்ஸா சும்மா இருக்கவில்லை. இணைப்பு வருகிறபோது வரட்டும் என்று, காணாமல் போன ஒவ்வொருவருக்கும் ஒன்றாக அலமாரியில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் இரண்டு மாதமாக உட்கார்ந்து கணிப்பொறியில் தட்டினாள். சனிக்கிழமை தாய்மார் கூட்டத்தில் பெருமையாகத் திரையைச் சுவரில் காட்டினாள். காப்பியும் ரொஸ்கீயா பிஸ்கட்டுமாகக் கொறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

காணாமல் போனவர்கள்: 412. தாய்மார்கள்: 1.

"அடி யாரிட்ஸா, யாருடி அந்தப் புண்ணியவதி?" என்றாள் ருஃபினா. எழுபது வயது, கமிட்டியிலேயே நீளமான நாக்கு அவளுடையதுதான்.

யாரிட்ஸா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "டோன்யா ருஃபினா... உங்க பேருதான் வருது."

"என்னது! நானூத்திப் பன்னண்டும் நானா பெத்தேன்? எம் புருஷன் கேட்டிருந்தா சந்தோஷத்துலயே போயிருப்பான்!"

கூடம் குலுங்கியது. யாரிட்ஸா முகம் சிவந்து விசைகளைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் காரணம் பிடிபட்டது. ஒரே தொலைபேசி எண் இருந்தால் ஒரே ஆள் என்று அந்த நிரல் எடுத்துக்கொள்ளும். எல்லா அட்டையிலும் தாயின் எண் என்ற இடத்தில் ஒரே எண்.

"ஏன் எல்லாரும் கமிட்டி நம்பரயே எழுதி வச்சிருக்கீங்க? உங்க செல் நம்பர் என்னாச்சு?"

"செல்லா? மூணு மாசம் காசு போடலேன்னா சிம்மு செத்துரும்" என்றாள் ஒருத்தி. "எனக்கு இதுவரைக்கும் ஒம்பது செத்துருச்சு. கமிட்டி நம்பர் சாகாதுல்ல."

"கார்டுல மட்டுமா? என் சின்னவன் போறப்ப அந்த நம்பரத்தான் சட்டைக்குள்ள தச்சு அனுப்பினேன்" என்றாள் இன்னொருத்தி.

லஸ்தேனியா எழுந்து நின்றாள். "வேற யாரு புள்ளைங்ககிட்ட இந்த நம்பர் இருக்கு?"

ஒரு கை உயர்ந்தது. பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை. கூடத்தில் பாதிக்கு மேல் கைகள்.

லஸ்தேனியா கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். "நான் ஒண்ணு சொல்லணும். மூணு வருஷமா திட்டத்துல அந்த வரிய அடிச்சது கமிட்டிக்காக இல்ல. ஓல்வினுக்காக. உங்ககிட்ட வேற வேற காரணம் சொன்னேன்."

"அட, பெரிய ரகசியம் சொல்ல வந்துட்டா" என்றாள் ருஃபினா. "ஞாயித்துக்கிழமை நீ என்ன கடுதாசியா எழுதுற? எங்களுக்குத் தெரியாதா? எங்களுக்கும் அதுதான் வேணும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம். உன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டோம், அவ்வளவுதான்."

பின் வரிசையில் காந்திதா எழுந்தாள். மெல்லிய குரல், ஆனால் நடுங்கவில்லை.

"எம் மகன் படம் வந்தப்ப இங்க வாங்குறதுக்கு வழியில்ல. அவன் வாரக்கணக்கா ஒரே கட்டில்ல கிடந்தான். நான் பஸ் ஏறியிருந்தா நாலு நாள்." அவள் நிறுத்தினாள். "அத வெட்டுங்க. இன்னொருத்தி நான் உக்காந்த மாதிரி உக்காரக் கூடாது."

தலைவி என்று பெயர் வைத்துக்கொண்டு தான் செய்யாததை, பின் வரிசையில் இருந்தவள் செய்துவிட்டாள். லஸ்தேனியா திட்டத்தை எடுத்தாள். அடித்த வரியைத் தன் கையெழுத்தில் மறுபடி எழுதி, கீழே பெயரைப் போட்டாள்.

மூன்று மாதம் வரை, பழைய எண்ணைக் கூப்பிடுபவர்களுக்குப் புது எண்ணைச் சொல்லும் ஒரு பதிவை வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். பதினைந்து வினாடி. நம் குரலிலேயே பேசலாம்.

லஸ்தேனியாதான் பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். முதல் தடவை "ஓல்வின்..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. யாரிட்ஸா அந்தப் பதிவை அழித்தாள்.

இரண்டாவது தடவை ஒரே மூச்சில் சொன்னாள். "புள்ள, இது கமிட்டி. நம்பர் மாறிருச்சு, எழுதிக்கோ." பிறகு புது எண்ணின் எட்டு இலக்கம், ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. இரண்டு வினாடி மிச்சம் இருந்தது. "சாப்பிட்டியா?"

"கடைசில அது எதுக்கு டோன்யா? எடுத்துடவா?"

"எடுத்தே, உன் கைய ஒடிப்பேன்" என்றாள் ருஃபினா.

புதுக் கம்பி வந்தது. உள்ளங்கை அளவு கைப்பேசி ஒன்று கமிட்டி மேஜைக்கு வந்தது. முதல் வாரமே எட்டுப் படங்கள் வந்தன. இரண்டு பேரை அடையாளம் கண்டார்கள், ஒருத்தன் உயிரோடு. நானூற்றுப் பன்னிரண்டு தாய்மாரையும் யாரிட்ஸா ஒவ்வொருத்தராகப் பிரித்து, தனித்தனி அட்டையில் உட்கார வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை லஸ்தேனியா கோயிலுக்குப் போனாள். எப்போது மண்டியிடுவது, எப்போது எழுவது என்பது மறந்துபோயிருந்தது. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

மாதக் கடைசியில் பழைய எண்ணுக்கு வந்த அழைப்புகளின் பட்டியலைக் கம்பெனி அனுப்பியது.

"அறுபத்தி மூணு" என்றாள் யாரிட்ஸா. "அறுபத்தி ரெண்டு நம்ம ஊரு. எல்லாம் நம்ம அம்மாமாருங்க, பதிவு பேசுதான்னு அடிச்சுப் பாத்தது. டோன்யா ருஃபினா மட்டும் பதினொண்ணு."

"நான் நாலு" என்றாள் லஸ்தேனியா. பிறகுதான் கணக்கு உறைத்தது. "இன்னொண்ணு?"

"மெக்சிகோ. பதினாலு வினாடி. வச்சிட்டாங்க. நான் திரும்ப அடிச்சுப் பாத்தேன், போகல. புது நம்பருக்கும் வரல. இன்னையோட பதினெட்டு நாளாச்சு." அவள் தயங்கினாள். "விளம்பரக்காரனா இருக்கலாம். தப்பா அடிச்சிருக்கலாம்."

பதினாலு வினாடி. எண் முழுவதையும் கேட்டிருக்கிறார்கள். கடைசி வார்த்தையும் பாதியாவது காதில் விழுந்திருக்கும்.

யாரிட்ஸா திரையைத் திருப்பினாள். அதில் ஓல்வினின் அட்டை திறந்திருந்தது. கடைசியாக வந்த தகவல் என்ற கட்டம் காலியாக, கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அவள் நல்ல மனசோடுதான் அதைத் திறந்து வைத்திருந்தாள்.

லஸ்தேனியா அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். கைவிரல் ஒருமுறை விசைப்பலகை வரை போய் நின்றது.

"எல்லாத்துலயும் ஏத்து" என்றாள்.

"நானூத்திப் பன்னண்டுலயுமா?"

"ஆமா. தேதி, நேரம், மெக்சிகோ, பதினாலு வினாடி. அவ்வளவுதான், வேற ஒண்ணும் எழுதாத. எல்லா அம்மாமாருக்கும் நானே சொல்றேன்."

யாரிட்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள். "ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆரம்பிக்கட்டுமா?"

ஒன்றாம் எண் ஓல்வினுடையது.

"கடைசியில இருந்து வா" என்றாள் லஸ்தேனியா. பக்கத்தில் உட்கார்ந்து, பெயர்களைப் படிக்கத் தொடங்கினாள்.