மேசைக் கடலில் மூழ்கிய இரண்டு கப்பல்கள்

கமாண்டர் நோரீன் குவிக்லிக்கு அந்த ஆண்டு எதிரி வேஷம் வாய்த்தது. அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுகத்தில் அவள் வேலை பார்த்த கடற்படைத் திட்ட அலுவலகத்தில் வருடா வருடம் மேசைப் போர் நடக்கும். பெரிய வரைபடத்தின் மேல் மரக்கப்பல்களை நகர்த்துவார்கள். நீல அணி நம்மவர், சிவப்பு அணி எதிரி. நீலத்துக்குத் தலைவர் அட்மிரல் விட்லாக். அவர் இரண்டு வருடம் மெனக்கெட்டுத் தீட்டிய திட்டத்துக்குத்தான் இந்தச் சோதனை. சிவப்பு தோற்க வேண்டும், பிறகு எல்லோரும் டோனட் தின்ன வேண்டும். அதுதான் வழக்கம். நோரீனைக் கேப்டனாக உயர்த்தும் பரிந்துரைக் கடிதமும் அதே விட்லாக்கின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

"பேசாம தோத்துட்டுப் போயேன்டி. கேப்டனானப்புறம் வீரம் காட்டிக்கலாம்" என்றாள் அவளுடைய அணித் தோழி டெஸ்ஸா.

"தோக்கலாம்னுதான் வந்தேன். இவங்க பண்ணி வெச்சிருக்கற கூத்தைப் பாரு!"

நோரீன் ஒன்பது வருடம் எண்ணெய்க் கப்பலில் உழன்றவள். திட்டம் தீட்டிய மகானுபாவர்கள் போர்க்கப்பல்களை வரிசையாக நிறுத்திவிட்டு, அவற்றுக்கு எரிபொருள் சுமக்கும் இரண்டு கப்பல்களைக் காவலே இல்லாமல் பின்னால் விட்டிருந்தார்கள். போர்க்கப்பல் என்ன, காற்றைக் குடித்தா ஓடும்? நோரீனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கையிலிருந்த ஏவுகணைகளை எல்லாம் அந்த இரண்டின் மேலேயே விட்டாள். குறி பட்டதா இல்லையா என்று பார்க்க நடுவர் பகடை உருட்டினார். இரண்டும் மூழ்கின. ஆட்டக் கணக்கில் மறுநாள் மதியமே நீல அணி எண்ணெய் இல்லாமல் நடுக்கடலில் நின்றது.

விட்லாக்கின் காது சிவந்துவிட்டது. "அந்த ரெண்டையும் மறுபடி மிதக்க விடுங்க. ஆட்டம் நடக்கணுமில்ல?" என்றார் நடுவரிடம். நடுவர் மரக்கட்டைகளை எடுத்து மறுபடி வரைபடத்தின் மேலே வைத்தார். நீலம் அமோகமாக வென்றது.

அறிக்கையைத் தோற்ற அணிதான் எழுத வேண்டும். 'திட்டம் வென்றது' என்று ஒரு வரி போட்டால் போதும். கேப்டன் பதவியும் கைக்கு வந்துவிடும். பதினெட்டு வருட உழைப்பாயிற்றே! ஆனாலும் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் காலையில் விட்லாக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அறிக்கையும் கடிதமும் கிடந்தன.

"என்னம்மா இது? என் மானத்தை வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"சார், கட்டையை நீங்க தூக்கி மேல வெச்சிட்டீங்க. நிஜக் கப்பல்ல நூறு பேர் இருப்பாங்களே, அவங்களை யார் சார் தூக்குவாங்க?"

விட்லாக் சன்னலுக்கு வெளியே தெரிந்த துறைமுகத்தைப் பார்த்தார். பிறகு திட்டத்தை எடுத்து முதல் பக்கத்தில் குறுக்கே கோடு கிழித்தார்.

"இதை நீயே திருத்து. அடுத்த மாசம் மறுபடி ஆடுவோம். நீ நீலம், நான் சிவப்பு. உன்னை மூழ்கடிக்காம விடமாட்டேன்."

"முடிஞ்சா பாருங்க சார்" என்றாள் நோரீன், சிரிப்பை அடக்க முடியாமல்.

அவர் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "கேப்டனாவே வந்து சேரு. போயும் போயும் ஒரு கமாண்டரை ஜெயிச்சேன்னு ஊர்ல சொல்லிக்க முடியுமா?"